கருந்துளை கிழித்த விண்மீனை மடிக்கணினியில் அடையாளம் காண்பது எப்படி?

முதலிலேயே ஒரு ஏமாற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். கருந்துளை ஒரு விண்மீனைக் கிழிக்கிறது என்றதும் மனசில் வரும் படம் இருக்கிறதே, ஆரஞ்சு நிறத்தில் சுழலும் தட்டு, அதற்குள் நூலாக இழுபட்டுப் போகும் விண்மீன், அதெல்லாம் ஓவியர்கள் வரைந்தது. உங்கள் கைக்கு வரப்போவது தேதி, வெளிச்சம், வடிகட்டி என்று மூன்று வரிசை எண்கள்தான். கூடவே ஒரு மங்கலான கேலக்ஸியின் நடுவில் ஒரு புள்ளி. அந்தப் புள்ளி சூப்பர்நோவாவா, எப்போதும் தீனி தின்றுகொண்டே இருக்கும் கருந்துளையின் வழக்கமான துடிப்பா, இல்லை நிஜமாகவே ஒரு விண்மீனின் கடைசி வெளிச்சமா என்று பிரிப்பதுதான் வேலை. இதற்குத் தொலைநோக்கி வேண்டாம். ஒரு பிரவுசர், ஒரு கால்குலேட்டர், கொஞ்சம் பொறுமை இருந்தால் போதும்.

ஆராய்ச்சியாளர்கள் இதை டைடல் டிஸ்ரப்ஷன் ஈவன்ட், சுருக்கமாக டி.டி.இ. என்பார்கள். கடலில் ஓதம் ஏறுவதற்குக் காரணமான அதே விசைதான், அளவு மட்டும் பயங்கரம். விண்மீனின் கருந்துளைப் பக்கம் அதிகமாக இழுபடுகிறது, மறுபக்கம் குறைவாக இழுபடுகிறது. இந்த வித்தியாசம் விண்மீன் தன்னைத்தானே பிடித்து வைத்திருக்கும் ஈர்ப்பைத் தாண்டினால் அது பிய்ந்துவிடும். அது எந்தத் தூரத்தில் நடக்கும் என்பதற்கு ஒரு எளிய கணக்கு உண்டு: கருந்துளை விண்மீனைப் போல எத்தனை மடங்கு எடையோ, அந்த எண்ணின் கனமூலத்தை விண்மீனின் ஆரத்தால் பெருக்குங்கள். பத்து லட்சம் சூரிய எடை கொண்ட கருந்துளை, சூரியனைப் போன்ற விண்மீன் என்றால் கனமூலம் 100, சூரிய ஆரம் 7 லட்சம் கிலோமீட்டர், ஆக 7 கோடி கிலோமீட்டர். புதன் சூரியனைச் சுற்றும் தூரத்தைவிடக் கொஞ்சம் அதிகம். அந்தக் கருந்துளையின் எல்லையோ, அதாவது ஒளிகூடத் தப்ப முடியாத இடமோ, 30 லட்சம் கிலோமீட்டர்தான். அதாவது உள்ளே விழுவதற்கு ரொம்ப முன்னாலேயே, வெளியில் எல்லாரும் பார்க்கும்படி விண்மீன் கிழிகிறது.

இந்த 7 கோடியை எங்கேயாவது எழுதி வையுங்கள், பின்னால் ஒரு இடத்தில் தேவைப்படும்.

கருந்துளை பெரிசாகப் பெரிசாக நிலைமை தலைகீழாகிறது. எல்லை எடையோடு நேராக வளரும், கிழிக்கும் தூரமோ கனமூலமாகத்தான் வளரும். பத்துக் கோடி சூரிய எடை வாக்கில் இரண்டும் சமமாகிவிடும். அதற்கு மேல் போனால் சூரியனைப் போன்ற விண்மீன் சத்தமே இல்லாமல் முழுசாக உள்ளே போய்விடும், நமக்கு ஒன்றும் தெரியாது. இந்த வரம்பை வானியற்பியலாளர் ஜாக் ஹில்ஸ் 1975-லேயே கவனித்தார். நடைமுறையில் இதற்கு ஒரே அர்த்தம்: மிகப் பெரிய நீள்வட்ட கேலக்ஸியின் மையத்தில் புதுப் புள்ளி தெரிந்தால் சந்தேகத்தோடு பாருங்கள். ராட்சத விண்மீன், வேகமாகச் சுழலும் கருந்துளை என்று விதிவிலக்குகள் உண்டுதான், ஆனால் முதல் நாளே விதிவிலக்கை நம்பிக் கிளம்ப வேண்டாம்.

எண்கள் எங்கே கிடைக்கும்

பாலோமர் மலையில் இருக்கும் 48 அங்குலத் தொலைநோக்கியை வைத்து இசட்.டி.எஃப். என்ற கணக்கெடுப்பு 2018 முதல் வானத்தை இரண்டு மூன்று இரவுக்கு ஒருமுறை துழாவுகிறது. பழைய படத்தைப் புதுப் படத்திலிருந்து கழித்து, மிச்சம் ஏதாவது இருந்தால் எச்சரிக்கை அனுப்பும். அந்த எச்சரிக்கைகளை வாங்கிப் பொதுமக்கள் பார்க்கும்படி வைக்கும் தளங்கள் உண்டு. சிலியின் ஆலர்சே, பிரிட்டனின் லாசேர் இரண்டும் தொடங்க நல்லவை. அதிகாரபூர்வப் பெயர் வைப்பது டிரான்சியன்ட் நேம் சர்வர். அங்கே ஏ.டி. என்று தொடங்கும் பெயர் என்றால் 'வானத்தில் ஏதோ மாறியிருக்கிறது' என்பதற்கு மேல் பெரிதாக அர்த்தம் இல்லை. இப்போது சிலியின் வேரா ரூபின் ஆய்வகமும் 8.4 மீட்டர் கண்ணாடியோடு களத்தில் இறங்கியிருப்பதால் எண்ணிக்கை எங்கேயோ போகப்போகிறது, கண்ணால் பார்த்துப் பழகிக்கொள்ள இதுதான் நல்ல நேரம்.

புதுசாக ஒன்றைக் கண்டுபிடிக்கக் கிளம்புவதற்கு முன்னால், ஏற்கெனவே உறுதியான ஒன்றை எடுத்துப் பழகுங்கள். ஏ.டி. 2019 க்யூ.ஐ.இசட். என்பதைத் தேடுங்கள் (பெட்டியில் ஆங்கில எழுத்தில் AT2019qiz என்றுதான் அடிக்க வேண்டும்). சுமார் 21.5 கோடி ஒளியாண்டுத் தொலைவில் நடந்தது. டி.டி.இ. கணக்கில் இது பக்கத்து வீடு. வெளிச்சம் எப்படி ஏறுகிறது, உச்சத்தில் ஜி பட்டையும் (பச்சை வடிகட்டி) ஆர் பட்டையும் (சிவப்பு வடிகட்டி) எவ்வளவு இடைவெளி விட்டு நிற்கின்றன, இறங்கும்போது அந்த இடைவெளி என்ன ஆகிறது என்று அரை மணி நேரம் அதையே பாருங்கள். அப்புறம் பக்கத்து விண்டோவில் ஏதாவது ஒரு டைப் ஒன்-ஏ சூப்பர்நோவாவை (வெள்ளைக் குள்ள விண்மீன் வெடிக்கும் வகை) திறந்து வைத்து ஒப்பிடுங்கள். இந்தக் கட்டுரையின் மீதிப் பாதி உங்களுக்குத் தானாகவே புரிந்துவிடும்.

நடுவில்தான் இருக்கிறதா?

மீப்பெரும் கருந்துளை பொதுவாகக் கேலக்ஸியின் மையத்தில் உட்கார்ந்திருக்கும், அதனால் புள்ளியும் மையத்தில் இருக்க வேண்டும். தேடல் குழுக்கள் பொதுவாக ஒரு ஆர்க்செகண்டுக்கும் (ஒரு டிகிரியில் 3,600-இல் ஒரு பங்கு) குறைவான விலகலைத்தான் ஏற்கும். கேட்க ரொம்பத் துல்லியம் மாதிரி இருக்கும், ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 30 கோடி ஒளியாண்டுத் தொலைவில் ஒரு ஆர்க்செகண்ட் என்பது சுமார் 1,450 ஒளியாண்டு. அந்த அகலத்துக்குள் எத்தனை கோடி விண்மீன்கள், அதில் ஏதாவது ஒன்று சாதாரண சூப்பர்நோவாவாக வெடித்திருக்கக் கூடாதா? எனவே மையத்தில் இருப்பது தேவை, ஆனால் போதாது. ஒரே ஒரு இரவின் இடத்தை நம்பாமல் பத்து இருபது இரவுகளின் சராசரி இடத்தை எடுங்கள். வெளிச்சமாக இருந்த இரவுகளுக்கு அதிக மதிப்புக் கொடுங்கள்.

இந்த விதிக்கும் இப்போது ஒரு ஓட்டை விழுந்துவிட்டது. ஏ.டி. 2024 டி.வி.டி. என்ற டி.டி.இ. அதன் கேலக்ஸி மையத்திலிருந்து சுமார் 2,600 ஒளியாண்டு தள்ளி நடந்தது. அங்கே இன்னொரு பெருங்கருந்துளை தனியாக அலைந்துகொண்டிருந்திருக்கிறது. இந்த மாதிரிச் செய்தி வந்தால் எனக்குப் பொறாமையாக இருக்கும், ஏனென்றால் மையத்தை விட்டு விலகியது என்று நாம் தள்ளிவிடும் பட்டியலில்தான் இவை கிடக்கும்.

இதற்கு முன் அமைதியாக இருந்ததா?

பொய்யான எச்சரிக்கைகளில் பெரும்பகுதி இங்கேதான் விழும். சில கருந்துளைகள் வாயுவைத் தொடர்ந்து விழுங்கிக்கொண்டே இருக்கும், அவற்றின் வெளிச்சம் வருஷக்கணக்கில் ஏறி இறங்கும். நீங்கள் பார்க்கும் 'புது' ஏற்றம் அந்த ஏற்ற இறக்கத்தில் இன்னொரு அலையாக இருக்கலாம். அதனால் புள்ளியின் பழைய வரலாற்றைத் தோண்டுங்கள். அட்லஸ் கணக்கெடுப்பின் ஃபோர்ஸ்டு ஃபோட்டோமெட்ரி (சொன்ன இடத்தின் வெளிச்சத்தைப் பழைய படங்களில் அளந்து தரும்) சேவையில் ஆயத்தொலைவைக் கொடுத்தால் அந்த இடத்தின் பல வருட அளவீடுகள் வரும். அசாசன் கணக்கெடுப்பும் இப்படிக் கொடுக்கும், ஆனால் அது வெளிச்சமான பொருள்களுக்குத்தான் சரிப்படும். ஐந்து வருடம் சப்பையாகக் கிடந்த கோடு திடீரென்று எழுந்தால் மேலே போகலாம். முன்பே இரண்டு மூன்று மேடுகள் இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடலாம்.

இன்னொரு சோதனை அகச்சிவப்பு. வைஸ் விண்கலத்தின் முதல் இரண்டு பட்டைகளின் வித்தியாசம் 0.8-ஐத் தாண்டினால் அது தீனி தின்னும் கருந்துளை என்று எடுத்துக்கொள்வது வழக்கம். எச்சரிக்கை: புள்ளி வெளிச்சமாவதற்கு முந்தைய மதிப்பைத்தான் பார்க்க வேண்டும். விண்மீன் கிழிந்த வெளிச்சம் சுற்றியிருக்கும் தூசியைச் சுட வைத்து, அதுவே பின்னால் அகச்சிவப்பில் எதிரொலிக்கும். பிந்தைய அளவைப் பார்த்துவிட்டு நல்ல கேஸைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள்.

நிறம், நிறம், நிறம்

என்னைக் கேட்டால் மற்ற எல்லாச் சோதனையையும்விட இதுதான் முக்கியம், எனவே இங்கே நிதானமாகப் போகலாம்.

சூப்பர்நோவா என்பது விரிந்துகொண்டே போகும் நெருப்புப் பந்து. விரிகிற எதுவும் ஆறும், ஆறினால் சிவக்கும். டைப் ஒன்-ஏ உச்சத்தில் நீலமாகத்தான் இருக்கும், ஆனால் உச்சம் முடிந்து ஒரு மாதத்துக்குள் அதன் ஜி கழித்தல் ஆர் மதிப்பு 0.5-ஐத் தாண்டிவிடும் (வெளிச்சத்தை அளக்கும் மேக்னிட்யூட் எண் கூடினால் மங்கல் என்று அர்த்தம், அதனால் இந்த வித்தியாசம் கூடினால் சிவப்பு, பூஜ்யத்துக்குக் கீழே போனால் நீலம்). டி.டி.இ. அப்படி இல்லை. வெளிச்சம் பாதியாகும், கால்வாசியாகும், நிறம் மட்டும் பிடிவாதமாக நீலத்திலேயே நிற்கும். ஜி கழித்தல் ஆர் பெரும்பாலும் −0.2 பக்கத்தில், மாதக்கணக்கில்.

கற்பனையாக ஒரு கேஸ் எடுப்போம். உச்சத்தில் ஜி 18.1, ஆர் 18.3. நாற்பது நாள் கழித்து ஜி 18.9, ஆர் 19.1. இரண்டும் 0.8 மேக்னிட்யூட் மங்கிவிட்டன, ஆனால் வித்தியாசம் அப்போதும் −0.2, இப்போதும் −0.2. இதைப் பார்த்தால் நாற்காலியில் நிமிர்ந்து உட்காரலாம். இதே நாற்பது நாளில் ஜி 19.9, ஆர் 19.1 என்று வந்திருந்தால், சரி, சூப்பர்நோவா, அடுத்ததைப் பாருங்கள்.

இதில் மூன்று இடத்தில் கால் வழுக்கும். நான் மூன்றிலுமே விழுந்திருக்கிறேன், முதலாவதில் விழுந்தது இன்னும் வலிக்கிறது. தளங்கள் வெளிச்சத்தை இரண்டு விதமாகக் காட்டும்: கழித்த பிறகு மிஞ்சிய வெளிச்சம், கேலக்ஸியோடு சேர்ந்த மொத்த வெளிச்சம். நான் மொத்தத்தை வைத்து நிறம் பார்த்தேன். கேலக்ஸியின் நடுப்பகுதி கிழட்டு விண்மீன்களால் ஆனது, தானாகவே சிவப்பு. அந்தச் சிவப்பு என் புள்ளியின் நீலத்தை முழுங்கிவிட்டது. 'ஒன்றுமில்லை' என்று பட்டியலிலிருந்து அடித்தேன். இரண்டு வாரம் கழித்து அதே பெயருக்குப் பக்கத்தில் வேறு யாரோ டி.டி.இ. என்று வகைப்படுத்தியிருந்தார்கள். ஆகவே கழித்த வெளிச்சத்தை மட்டும் பாருங்கள்.

இரண்டாவது, நம் பால்வீதியின் தூசி. அது எதையும் சிவப்பாக்கிக் காட்டும். தூசி வரைபடத்தில் அந்தத் திசையின் சிவப்பேற்றம் 0.1 என்று இருந்தால், ஜி கழித்தல் ஆர் மதிப்பிலிருந்தும் ஏறத்தாழ அதே 0.1-ஐக் கழிக்க வேண்டும். மூன்றாவது, பிழை அளவு. 20 மேக்னிட்யூடுக்குப் பக்கத்தில் ஒரு புள்ளியின் பிழையே 0.1, 0.2 என்று இருக்கும். அதில் போய் −0.2 நிறம் தேடுவதில் அர்த்தமே இல்லை. ஒரு வாரத்துப் புள்ளிகளைச் சராசரி எடுத்துத்தான் நிறம் சொல்ல வேண்டும்.

ஏன் இவ்வளவு நீலம்? இந்த வெளிச்சத்தின் வெப்பநிலை பொதுவாக 20,000 கெல்வின் வாக்கில் இருக்கும், சூரிய மேற்பரப்பைப் போல மூன்றரை மடங்கு. வெப்பநிலையிலிருந்து உச்ச அலைநீளத்தைத் தரும் வியன் விதிப்படி 29 லட்சத்தை அந்த எண்ணால் வகுத்தால் 145 நானோமீட்டர் வரும். அதாவது வெளிச்சத்தின் உச்சம் புற ஊதாவில் ஆழமாக இருக்கிறது, நம் ஜி பட்டை அதன் வாலைத்தான் தொடுகிறது. வால் என்பதால் இன்னொரு சங்கடம்: 20,000-க்கும் 40,000-க்கும் ஜி, ஆர் நிறத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. வெப்பநிலையை நம்பிச் சொல்ல ஸ்விஃப்ட் விண்கலத்தின் புற ஊதா அளவு வேண்டும். யாராவது அதைக் கேட்டு வாங்கியிருந்தால் தரவு பொதுவில் இருக்கும், தேடிப் பாருங்கள்.

எப்படி இறங்குகிறது

கிழிந்த விண்மீனில் ஏறத்தாழ பாதி தப்பித்துப் பறந்துவிடும், மீதிப் பாதி கருந்துளையோடு கட்டுண்டு திரும்பி வரும். இறுக்கமாகக் கட்டுண்டது சீக்கிரம் வரும், தளர்வாகக் கட்டுண்டது தாமதமாக வரும். நம் பத்து லட்சம் எடைக் கருந்துளைக்கு முதல் சரக்கு, அதாவது கிழிந்த விண்மீனின் வாயு, திரும்ப நாற்பது நாள் ஆகும். அதன் பிறகு வரத்து, காலத்தின் −5/3 அடுக்காகக் குறையும். வானியற்பியலாளர் மார்ட்டின் ரீஸ் 1988-ல் எழுதிய கட்டுரையும் அடுத்த ஆண்டு ஸ்டெர்ல் ஃபின்னி செய்த திருத்தமும் சேர்ந்து வந்த எண் இது. மேக்னிட்யூடில் சொன்னால்: கிழிந்த நாளிலிருந்து எண்ணும் காலம் இரட்டிப்பானால் 1.25 மேக்னிட்யூட் மங்கும். 40-ஆம் நாளிலிருந்து 80-க்கு 1.25, அங்கிருந்து 160-க்கு இன்னொரு 1.25.

கவனியுங்கள், கிழிந்த நாளிலிருந்து. உச்சம் தொட்ட நாளிலிருந்து எண்ணினால் கணக்கு நாசமாகிவிடும். கிழிந்த நாள் நமக்குத் தெரியாது, எனவே அதையும் ஒரு அறியாத எண்ணாக வைத்துத்தான் வளைவைப் பொருத்த வேண்டும்.

கையால் பார்க்க ஒரு குறுக்குவழி உண்டு. மேக்னிட்யூடை நிலைக்குத்தாகவும் தேதியைக் கிடையாகவும் போட்டு வரையுங்கள். சூப்பர்நோவா கடைசிக் கட்டத்தில் கதிரியக்கக் கோபால்ட்டின் சிதைவால் எரிகிறது, அதன் அரைவாழ்வு 77 நாள். ஆகவே அது குறைந்தது 100 நாளுக்கு ஒரு மேக்னிட்யூட் வீதம் நேர்கோடாக இறங்கும். டி.டி.இ. நேர்கோடாக இறங்காது, போகப் போகச் சாய்வு குறைந்து படுத்துக்கொள்ளும். சில கேஸ்களில் வருடக்கணக்கில் புற ஊதாவில் மேட்டு நிலமாக நின்றுவிடும். ஆனால் 5/3-ஐ வேதவாக்காக எடுக்காதீர்கள், திரும்பி வரும் சரக்கின் வீதமும் நாம் பார்க்கும் வெளிச்சமும் ஒன்றல்ல. வளைவு கொஞ்சம் வேகமாக இறங்கியதற்காக மட்டும் எதையும் நிராகரிக்க வேண்டாம். நிறம் சரியாக இருந்தால் நான் நிறத்தைத்தான் நம்புவேன்.

நடுவில் மூன்று நான்கு மாத வெற்றிடம் தெரிந்தால் பயப்படாதீர்கள், அந்தத் திசையில் சூரியன் வந்திருக்கும்.

அந்த 7 கோடி

இப்போது எழுதி வைத்ததை எடுங்கள். ஒரு டி.டி.இ.யின் உச்ச ஒளிர்வு 10-இன் அடுக்கு 37 வாட் என்று வைப்போம், ஏறத்தாழ 2,600 கோடி சூரியன்கள். வெப்பநிலை 20,000. ஸ்டெஃபான்-போல்ட்ஸ்மான் விதிப்படி அந்த வெப்பத்தில் ஒரு சதுர மீட்டர் சுமார் 900 கோடி வாட் கக்கும். வகுத்து, கோளத்தின் பரப்பிலிருந்து ஆரத்தை எடுத்தால் 940 கோடி கிலோமீட்டர் வரும். நெப்டியூனின் தூரத்தைப் போல இரண்டு மடங்கு!

விண்மீன் கிழிந்ததோ 7 கோடி கிலோமீட்டரில். அப்படியென்றால் நாம் பார்க்கும் வெளிச்சம் கிழிந்த இடத்திலிருந்து நேராக வரவில்லை, அதைவிட நூற்றுச் சொச்சம் மடங்கு பெரிய ஏதோ ஒரு திரையிலிருந்து வருகிறது. உள்ளே கருந்துளையைச் சுற்றும் வாயுத் தட்டிலிருந்து கிளம்பும் எக்ஸ் கதிரைச் சுற்றியுள்ள வாயு உறிஞ்சி நீலமாக மாற்றித் தருகிறதா, அல்லது சரக்கு ஓடை திரும்பி வந்து தன்மேலேயே மோதும்போது எழும் வெப்பமா என்று இன்னும் சண்டை ஓடிக்கொண்டிருக்கிறது. இந்தக் கணக்கை ஒருமுறை நீங்களே போட்டுப் பார்த்தால் அந்தச் சண்டை எதைப் பற்றி என்று புரிந்துவிடும்.

தொலைவு தெரிந்தால் ஒளிர்வை நீங்களும் மதிப்பிடலாம். 30 கோடி ஒளியாண்டுக்குத் தோற்ற மேக்னிட்யூடிலிருந்து 34.8-ஐக் கழியுங்கள். −20 பக்கம் வந்தால் நல்ல அறிகுறி, −14 என்று வந்தால் எங்கேயோ தப்பு.

நிறமாலை வந்தால்

முடிவைச் சொல்வது நிறமாலைதான் (வெளிச்சத்தை அலைநீளம் வாரியாகப் பிரித்த பதிவு), அதைப் பெரிய தொலைநோக்கிக்காரர்கள் எடுத்து டிரான்சியன்ட் நேம் சர்வரில் போடுவார்கள். ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் கோட்டைப் பாருங்கள். டி.டி.இ.யில் அது கோடே இல்லை, குன்று. வாயு நொடிக்கு 10,000 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுவதால் கோடு சுமார் 22 நானோமீட்டர் அகலத்துக்கு விரிந்துவிடும். 469-இல் ஹீலியம் குன்றும் இருக்கலாம். 2012-இல் வெளியான பி.எஸ்.1-10 ஜே.எச். கேஸில் ஹைட்ரஜனே தெரியாமல் ஹீலியம் மட்டும் தெரிந்து எல்லாரையும் குழப்பியது. சில கேஸ்களில் குன்றே இல்லாமல் வெறும் நீலச் சரிவு மட்டும் இருக்கும். பின்னணி கேலக்ஸி சில காலம் முன்பு விண்மீன் பிறப்பு திடீரென்று நின்றுபோன வகை என்றால் எனக்கு நம்பிக்கை கூடும், டி.டி.இ.க்கள் அந்த வகையில் எதிர்பார்ப்பதைவிட அதிகமாகவே வருகின்றன.

இந்த அச்சில் அடங்காத உறவுக்காரர்களும் உண்டு. 2011 மார்ச்சில் ஸ்விஃப்ட் பிடித்தது முதலில் காமா கதிர் வெடிப்பு மாதிரித் தெரிந்தது, உண்மையில் விண்மீனைக் கிழித்த கருந்துளையிலிருந்து நம்மை நோக்கிப் பாய்ந்த தாரை (ஜெட்). அசாசன்-14 கே.ஓ. சுமார் 114 நாளுக்கு ஒருமுறை மேடு காட்டுகிறது. ஒரே விண்மீன் சுற்றி வரும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிய்கிறது என்பது ஒரு விளக்கம். பழைய மேடுகள் இருந்தால் விட்டுவிடுங்கள் என்று மேலே சொன்னேன் அல்லவா, அந்த மேடுகள் கடிகாரம் மாதிரி வந்தால் விடாதீர்கள்.

ஒரு கேலக்ஸியில் பத்தாயிரம் வருடத்துக்கோ லட்சம் வருடத்துக்கோ ஒருமுறைதான் இது நடக்கும். அதனால் நூறு புள்ளிகள் பார்த்து ஒன்றும் கிடைக்காவிட்டால் நீங்கள் சரியாகத்தான் செய்கிறீர்கள். கிடைத்ததையும் மங்கியதும் மறந்துவிடாதீர்கள். பழகிப் பார்க்கச் சொன்ன அந்த ஏ.டி. 2019 க்யூ.ஐ.இசட். நான்கு வருடம் கழித்து எக்ஸ் கதிரில் சுமார் 48 மணி நேரத்துக்கு ஒருமுறை வெடிக்கத் தொடங்கியிருந்தது தெரியவந்தது. கிழிந்த விண்மீனின் மிச்சம் ஒரு தட்டாகப் பரவியிருக்கிறது, கருந்துளையைச் சுற்றும் இன்னொரு பொருள் அந்தத் தட்டைத் துளைத்துத் துளைத்துப் போகிறது என்பதுதான் இப்போதைக்குப் பொருந்தும் விளக்கம். அந்தப் பெயரை என் பட்டியலில் இன்னும் அடிக்காமல்தான் வைத்திருக்கிறேன்.